தாங்கள் வழங்கிவரும் மனித உரிமைகளை நிறுத்தக் கோருதல்

செம்பூர், மும்பை
செவ்வாய்க்கிழமை

கல்யாணில் இருக்கும் அன்புள்ள பஞ்சு சித்தப்பாவுக்கு, செம்பூர் ஸ்மிதா பணிவுடன் செய்துகொள்ளும் நமஸ்காரம். இங்கே நான், உங்கள் மாப்பிள்ளை, மாமியார் மூவரும் சௌக்கியம். அங்கே உங்கள் முழங்காலும் சித்தியின் சர்க்கரையும் சொன்னபடி கேட்டு நடக்கின்றன என்று நம்புகிறேன். பொருளும் பார்வையும் இல்லாத கடிதத்தை நீங்கள் படிக்க மாட்டீர்கள் என்பதால் அவற்றையும் போட்டுவிடுகிறேன்.

பொருள்: தாங்கள் தாராவி மக்களுக்கு வழங்கிவரும் மனித உரிமைகளை உடனடியாக நிறுத்தக் கோருதல் தொடர்பாக.

பார்வை: நேற்று நான் செய்த ஃபோனும், பாதியில் தாங்கள் அதை வைத்ததும்.

அந்த ஃபோனை முதலில் சித்திதான் எடுத்தாள். "அவர் ஆபீஸ்ல இருக்கார்டி ஸ்மிது" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரயில்வேயிலிருந்து நீங்கள் ஓய்வு பெற்று ஒரு மாமாங்கம் ஆகப்போகிறது. "எந்த ஆபீஸ் சித்தி?" என்றேன். "எல்லாம் நம்மாத்து பால்கனிதான். துணி ஒணத்தற கொடியை அவுத்துட்டு மேஜையைப் போட்டுண்டுட்டார். பதினொண்ணு அடிச்சாத்தான் காப்பியோட உள்ளே போகலாம். முந்திப் போனா, வெளியில வெயிட் பண்ணுங்கோங்கறார். என்னைப் பார்த்து! ஈரத்துணியெல்லாம் ஹால்ல நாற்காலி நாற்காலியாத் தொங்கறது" என்றாள். பிறகு நீங்கள் வந்தீர்கள். "விஷயம் சொந்தமா, அஃபிஷியலா?" என்றீர்கள். ரெண்டும்தான் சித்தப்பா என்றேன். "ரெண்டையும் ஒரே ஃபைல்ல போடப்படாது. எதுவானாலும் எழுத்துல கொடு" என்று வைத்துவிட்டீர்கள். கொடுக்கிறேன்.

ஆரம்பத்திலிருந்து எழுதினால்தான் எனக்கே புரியும். ஃபோர்ட்டில் ஒரு வக்கீல் ஆபீஸில் நான் இத்தனை வருஷமாக வாக்குமூலங்களை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். "இதனால் நான் உறுதி கூறுவது யாதெனில்" என்று எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேனோ தெரியாது. அவற்றில் ஒரு "நான்"கூட நான் இல்லை. நாற்பத்து நாலு வயதில் ஒரு நாள் இது திடீரென்று உறைத்தது. வேறு யாராவதாக இருந்தால் தலைக்கு டை அடித்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். நான் மொழிபெயர்ப்பும் மனித உரிமைச் சட்டமும் சேர்ந்த முதுகலைப் படிப்பில் சேர்ந்தேன். ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பிரகடனத்தை எளிய தமிழில் பெயர்த்தால் அது கொடுப்பதெல்லாம் சாதாரண வாசகரிடம் முழுசாகப் போய்ச் சேருகிறதா, வழியில் சிந்திவிடுகிறதா என்பதுதான் என் ஆய்வு. இதைச் சோதிக்க ஒரு முறை உண்டு. மூலத்தைக் கண்ணால் பார்க்காத ஒருவரிடம் தமிழை மட்டும் கொடுத்து, அதை இங்கிலீஷுக்குத் திருப்பச் சொல்ல வேண்டும். திரும்பி வந்தது மூலத்தைப் போலவே இருந்தால் தமிழ் சரி. அந்த ஒருவர் இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்தவராக இருக்க வேண்டும், வக்கீலாக இருக்கக் கூடாது, தன் சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது. முதல் இரண்டுக்கும் உங்களைவிடப் பொருத்தமானவர் இந்த மத்திய ரயில்வே மார்க்கத்திலேயே கிடையாது. மூன்றாவதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

நான் கொடுத்தது சின்ன வரி. ஓய்வு பெற எல்லோருக்கும் உரிமை உண்டு, அவ்வளவுதான். நீங்கள் இங்கிலீஷில் திருப்பித் தந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கிறது: "ஓய்வு வேண்டுவோர் தகுந்த காரணம் காட்டி, கீழே கையொப்பமிட்டவருக்கு மூன்று பிரதிகளில் விண்ணப்பிக்கலாம். பணிக்குப் பாதகம் இல்லாத பட்சத்தில் பரிசீலிக்கப்படும். ஓய்வை உரிமையாகக் கோர முடியாது." சித்தப்பா, உரிமையைப் பற்றிய ஒரு வரியில் அந்த ஒன்றை மட்டும்தானா நீக்குவது? கருத்துச் சொல்லும் உரிமை "முன் அனுமதி பெற்று, உரிய வழியாக" என்று வந்தது. யாரையும் சித்திரவதை செய்யக் கூடாது என்பது, எழுத்துபூர்வமான உத்தரவு இல்லாமல் செய்யக் கூடாது என்று வந்தது. உயிர் வாழும் உரிமைக்கு வருஷாவருஷம் நவம்பர் மாதம் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்று சேர்த்திருந்தீர்கள். நான் எழுதாததெல்லாம் வந்திருக்கிறதே என்று அன்றைக்கே கேட்டேன். "நீ எழுதினது டிராஃப்டே இல்லைடி. உரிமை உண்டு, உரிமை உண்டுன்னு மொட்டை மொட்டையா. எங்கே உண்டு? யார்கிட்டே உண்டு? எந்தக் கவுண்டர்ல உண்டு? இப்படி ஒரு சர்க்குலர் என் டேபிளுக்கு வந்திருந்தா அனுப்பிச்சவனுக்கே திருப்பியிருப்பேன். ஏதோ நம்மாத்துக் கொழந்தை எழுதினதாச்சேன்னு சரி பண்ணிக் கொடுத்திருக்கேன்" என்றீர்கள். இதற்குள் உங்கள் பஜனை மண்டலியில் "ஐ.நா. சபையின் மொழிபெயர்ப்பாளர்" என்று சொல்லி உங்களுக்குச் சால்வை போர்த்தியாகிவிட்டது. குழந்தை வாயை மூடிக்கொண்டது.

என் ஆய்வு வழிகாட்டி டாக்டர் கலைச்செல்வியை உங்களுக்குத் தெரியாது. என்னைவிட வயதில் சின்னவர், தாராவியில் பிறந்து வளர்ந்தவர். வகுப்பில் இங்கிலீஷ் பேசுவார்; கோபம் வந்தால் திருநெல்வேலி. உங்கள் தாள்களில் முதல் பக்கம் முடிவதற்குள் திருநெல்வேலி போய்ச் சேர்ந்துவிட்டார்.

"என்னக்கா இது? முப்பது உரிமையைக் குடுத்துவிட்டா முப்பது மனுவாத் திரும்பி வந்திருக்கு! உங்க சித்தப்பா என்ன, கலெக்டராக்கும்?"

"இல்லை மேடம், ரயில்வேல ஆபீஸ் சூப்பரின்டெண்டென்ட்டா இருந்தவர்."

"அதான் ஒண்ணும் வந்துசேர மாட்டேங்குது."

அன்று மாலை லேடீஸ் கம்பார்ட்மெண்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே யோசித்தேன். உங்கள் மேல் எனக்கு ஆத்திரம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நம் குடும்பத்தில் "எனக்கு உண்டு" என்று யார் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்? அவருக்கு மனசிருந்தால், மாமியார் ஒன்றும் சொல்லாவிட்டால், எல்லாருக்கும் சௌகரியப்பட்டால். நீங்கள் சேர்த்த வரிகள் எல்லாம் நான் தினமும் சமையலறையில் பேசுகிற வரிகள்தான். அவற்றை இங்கிலீஷில் அச்சடித்த மாதிரிப் பார்த்ததும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். அதற்குள் குர்லா வந்துவிட்டது, இறங்குகிறவர்கள் என்னையும் சேர்த்து இறக்கிவிட்டார்கள், அடுத்த வண்டிக்கு நின்றேன்.

கலைச்செல்வி மேடம் சொன்ன யோசனை இது: என் தமிழையும் நீங்கள் மாற்றியதையும் தாராவியில் படித்துக் காட்டுவது, எது யாருடையது என்று சொல்லாமல், எது புரிகிறது என்று மட்டும் கேட்பது. உங்கள் இங்கிலீஷை நான் மறுபடி தமிழாக்கினேன். கையெழுத்தும் முழு முகவரியும் இல்லாத காகிதம் காகிதமே இல்லை என்று ஒவ்வொரு தாளின் அடியிலும் நீங்கள் போட்டிருந்த பெயர், பதவி, கல்யாண் முகவரி, பின்கோடு எல்லாவற்றையும் விடாமல் தமிழாக்கினேன். நான் நேர்மையான மொழிபெயர்ப்பாளர். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஆறுமுகத்தாய் என்பவர் வீட்டில் கூட்டம் போட்டோம். இவர் இட்லி செய்கிறவர். இவர் கணவர் தளவாய் அதை அலுமினியப் பாத்திரத்தில் கட்டி சைக்கிளில் மாட்டுங்கா, வடாலா பக்கம் கொண்டுபோய் விற்கிறவர். தெருப் பெண்கள் எல்லாம் வந்து ஆவி அடங்காத அந்த அறையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முதலில் என் தமிழைப் படித்தேன். எல்லோருக்கும் உண்டு, எவருக்கும் மறுக்கக் கூடாது என்று படிக்கப் படிக்க ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முடித்ததும் ஆறுமுகத்தாய், "நல்லாருக்கு மேடம். கோயில்ல வாசிக்கிற மாதிரி இருக்கு" என்றார். பிறகு உங்களுடையதைப் படித்தேன். இரண்டாவது வரியிலேயே எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"மூணு காப்பியும் ஜெராக்ஸா இருக்கலாமா, கையால எழுதணுமா?"

"போட்டோ ஒட்டணுமா மேடம்? ஆதார்ல உள்ள போட்டோ போதுமா? அதுல நான் எங்க மாமியா மாதிரி இருப்பேன்."

"சும்மா இருங்கட்டி, அவுக படிக்கட்டும்" என்று அதட்டிய ஆறுமுகத்தாய் என் பக்கம் திரும்பி, "இதுல்லா காகஜ், ஆபீஸ் காகிதம்! மொதல்ல படிச்சியளே, அது கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அதைக் கொண்டுபோய் எந்த ஜன்னல்ல நீட்டச் சொல்லுதிய?" என்றார். அச்சு அசலாக நீங்கள் கேட்ட கேள்வி. நான் குறிப்பெடுத்துக்கொண்டேன். எழுதி முடித்து நிமிர்ந்தபோது உங்கள் தாள்களில் ஒன்றுகூட மிச்சமில்லை, எல்லாரும் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். என்னுடையதை அடுக்கி மரியாதையாகத் திருப்பித் தந்தார்கள்.

அப்புறம் கொஞ்ச நாள் ஒன்றுமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசல் மணி அடித்தது. உங்கள் மாப்பிள்ளைதான் கதவைத் திறந்தார். வெளியே தளவாய் இட்லிப் பாத்திரத்தோடு நின்றார், வேர்த்து விறுவிறுத்து. பின்னால் ஆறுமுகத்தாய், புதுப் புடவை, தலை நிறையப் பூ, கையில் ஒரு பிளாஸ்டிக் கவர்.

"மேடம், அந்த ஆர்டரைக் கேன்சல் பண்ணுங்க" என்றார் தளவாய். "நான் சைக்கிள்ல போய் விக்கிறவன். மாவு எப்பப் பொங்கும், எம்புட்டுத் தண்ணி விடணும், ஒரு எழவும் தெரியாது. இன்னைக்கு மாட்டுங்கால ஒரு கஸ்டமரு இட்லியைக் கடிச்சுட்டு, 'அண்ணா, யே இட்லி ஹை யா பத்தர் ஹை'ங்கான். இட்லியா கல்லான்னு கேக்கான்."

"உமக்குக் கூடுதல் பொறுப்பு. ஆர்டர்ல போட்டிருக்குல்லா?" என்றார் ஆறுமுகத்தாய், நிதானமாக.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிளாஸ்டிக் கவரை வாங்கிப் பார்த்தேன். சித்தப்பா, அந்தக் கையெழுத்தை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். "மனுதாரர் திருமதி ஆறுமுகத்தாய்க்கு வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு இதனால் அனுமதிக்கப்படுகிறது. அன்றைய பணிகளைக் கணவர் திரு. தளவாய் கூடுதல் பொறுப்பாகக் கவனிப்பார். இதற்கெனத் தனிப்படி ஏதும் கிடையாது." கீழே கையெழுத்து. அதன் மேல் வட்டமாக ஒரு ரப்பர் சீல், நடுவில் சங்கு, சுற்றிலும் உங்கள் பெயரும் பழைய பதவியும். பதவிக்குப் பின்னால் வர வேண்டிய "ஓய்வு" என்ற சொல் மட்டும் எறும்பு அளவுக்கு ஒரு ஓரத்தில். அந்த சீலைக் கல்யாண் ஸ்டேஷன் வாசலில் செய்துகொண்டதாகச் சித்தி நேற்றுச் சொன்னாள்.

அது செல்லாது, சித்தப்பா ஓய்வு பெற்றவர், இதெல்லாம் என் படிப்புக்காகச் செய்தது என்று நான் அவர்களுக்கு எடுத்துச் சொன்னேன். ஆறுமுகத்தாய் சிரித்துவிட்டார். "செல்லாதா? சீல் வச்சிருக்கு. ஸ்பீட் போஸ்ட்ல வந்திருக்கு. குழாய்ல தண்ணி வரலேன்னு நாங்க எழுதாத ஆபீஸ் கிடையாது, எத்தனை வருசமாச்சு, ஒரு பயகிட்டேருந்து பதில் இல்ல. இந்த ஐயாவுக்கு எழுதின வாரமே பதில் வந்துட்டு. இப்ப நீங்களே சொல்லுங்க மேடம், எது கவர்மெண்டு?"

உங்கள் மாப்பிள்ளையின் குணம் உங்களுக்குத் தெரியும். பேங்க் உத்தியோகம். சீலைப் பார்த்தால் சாய்ந்திருப்பவர் நிமிர்ந்துவிடுவார். காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தார். பாத்திரத்திலிருந்து ஒரு இட்லியை எடுத்துக் கடிக்கப் பார்த்தார், முடியாமல் கீழே வைத்தார். "உத்தரவு இருக்கிற வரைக்கும் அமல் பண்ணித்தான் ஆகணும். வேணும்னா அப்பீல் போடுங்கோ" என்று தளவாய்க்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார். அப்பீலை யாருக்குப் போட, அந்த ஐயாவுக்கு மேலே யார் என்று தளவாய் என்னைக் கேட்டார். எனக்கு இருந்த குழப்பத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன்: அகிலாண்டம் சித்தி. அந்த அப்பீலுக்குச் சித்தி கொடுத்த தீர்ப்பையும் பிறகு பார்த்தேன். "மனு தள்ளுபடி. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, வெந்தயம் ஒரு ஸ்பூன், உளுந்தைத் தனியாக அரைக்கவும்." போன ஞாயிறு தளவாயின் இட்லி பஞ்சாக இருந்ததாம். நன்றாக வந்துவிட்டதால் இனி தன் பாடு திண்டாட்டம்தான் என்று அவர் இன்னும் கலங்கிப்போயிருக்கிறார்.

இதோடு நின்றிருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். தொண்ணூறு அடி ரோடில் உதுமான் பாய் என்பவரின் ஜெராக்ஸ் கடையில் "இங்கே மனித உரிமை மனு எழுதித் தரப்படும்" என்று போர்டு தொங்குகிறது. தனக்கு வீட்டில் பேசும் உரிமை வேண்டும் என்று ஒரு பெரியவர் மனுப் போட்டு, சாப்பாட்டுக்குப் பின் கால் மணி நேரம் வாங்கியிருக்கிறார். தன் ஃபோனை மாமியார் எடுத்துப் பார்க்கக் கூடாது என்று ஒரு மருமகள் வாங்கியிருக்கிறாள். ரேஷன் கார்டு நகல் இணைக்காததால் மூன்று பேருக்குச் சிந்தனைச் சுதந்திரத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். கல்யாண் தபால்காரர் உங்களுக்கென்று தனிப் பை கொண்டுவருவதாகச் சித்தி சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள், ஈரத் துண்டை நாற்காலி மாற்றிப் போட்டுக்கொண்டே.

அப்புறம் மாலதி விஷயம். ஆறுமுகத்தாய் வீட்டுக்கு எதிர் வீட்டுப் பெண், சயானில் ஒரு மருந்துக் கடையில் வேலை. கோவில்பட்டியில் இருக்கும் அத்தை மகனுக்கு அவளைக் கொடுப்பதாக அவள் அப்பா கணேசபாண்டியன் வாக்குக் கொடுத்து, தையில் கல்யாணம் என்று மண்டபம்வரை பேசிவிட்டார். வேண்டாம் என்று அந்தப் பெண் தமிழில் சொன்னாள், ஹிந்தியில் சொன்னாள், கடைசியில் எரிச்சலில் மராத்தியிலும் சொல்லிப் பார்த்தாள். யார் காதிலும் ஏறவில்லை. கல்யாணத்துக்கு இருவரின் முழுச் சம்மதமும் வேண்டும் என்ற பிரிவின் கீழ் உங்களுக்கு மூன்று பிரதிகளில் எழுதிப் போட்டாள். உங்கள் உத்தரவு: "மனுதாரரின் சம்மதம் இணைக்கப்படாததால் மேற்படி திருமணம் நிலுவையில் வைக்கப்படுகிறது."

போன வியாழக்கிழமை கணேசபாண்டியன் அந்த உத்தரவை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கே வந்துவிட்டார், நேராகக் கலைச்செல்வி மேடத்தின் அறைக்கு. நானும் அங்கே இருந்தேன். மனுஷன் சத்தம் போடுவார் என்று பயந்தேன். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, "மண்டபத்துக்காரன் கேக்கான், சம்பந்தக்காரன் கேக்கான். இந்த ஆர்டரை எடுக்க என்ன செய்யணும், அதை மட்டும் சொல்லிருங்க" என்றார்.

"உங்க மக வேண்டாங்குறாளே அண்ணாச்சி. அதை நீங்க கேக்கலியா?" என்றார் மேடம்.

"அது வாய்ப்பேச்சும்மா. இது எழுத்துல வந்திருக்கே."

அவர் போன பிறகு மேடம் கதவைச் சாத்திவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். ஆய்வில் கலந்துகொள்கிறவர்களின் வாழ்க்கையில் ஆய்வு செய்கிறவர் கை வைக்கக் கூடாது என்பது பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு வகுத்த விதி. நான் கை வைக்கவில்லையே மேடம் என்றேன். "கை வைக்கல. சீல் வச்சிருக்கிய!" என்றார். விஷயம் குழுவரைக்கும் போய்விட்டது. வழங்கிய உத்தரவுகள் எல்லாம் ரத்தாக வேண்டும். அவை செல்லாதவை என்று நீங்கள் எழுதித் தர வேண்டும். என் தமிழைக் கூட்டாமல் குறைக்காமல் நீங்கள் திரும்ப மொழிபெயர்த்துத் தர வேண்டும். இவ்வளவும் வந்து, நான் அந்த அத்தியாயத்தை மறுபடி எழுதி, வருகிற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். தவறினால் என் பதிவு காலாவதி. இரண்டு வருஷமாக நான் சாப்பாட்டு மேஜையில் எழுதி, சாப்பாட்டு வேளைக்கு அள்ளி, மறுபடி விரித்து எழுதியதெல்லாம் பழைய பேப்பர்க்காரனுக்கு.

கடைசி வாரம் முழுக்க உட்கார்ந்தால் முடிக்கலாம். ஆனால் அதே வாரம்தான் கோயம்புத்தூரிலிருந்து என் நாத்தனார் குடும்பத்தோடு வருகிறாள். ஒரு வாரம் தள்ளி வரச் சொல்லலாமா என்று உங்கள் மாப்பிள்ளையிடம் கேட்டேன். "அவா எப்பவோ வரா. உன் தீசிஸ் எங்கே ஓடிப்போறது? பார்க்கலாம்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் நான் கேட்ட எதற்கும் இல்லை என்ற பதில் வந்ததே கிடையாது, சித்தப்பா. பார்க்கலாம் என்றுதான் வரும். மாமியார் தன் பங்குக்கு எந்த நாள் என்ன பட்சணம் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். திங்கட்கிழமை போளியில் தொடங்குகிறது.

ஆகவே, தயவுசெய்து சீலைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். சாவியைச் சித்தியிடம் கொடுங்கள். ஆறுமுகத்தாய், ஃபோன்காரப் பெண், கால் மணி நேரப் பெரியவர் எல்லாருடைய உத்தரவையும் ரத்து செய்து எழுதுங்கள். மாலதியுடையதைக் கடைசியாக ரத்து செய்தால் போதும். நிதானமாக, சாதாரணத் தபாலில். எங்கேயாவது இரண்டு நாள் தொலைந்தால்கூடப் பரவாயில்லை. உங்களை நான் குறைசொல்லவில்லை. எங்கள் எல்லாரையும்விட நீங்கள் சுறுசுறுப்பாக இருந்ததுதான் பிரச்சினை. பஜனை மண்டலியில் யாரும் கேட்டால் ஐ.நா. சபை உங்கள் பணியைப் பாராட்டி விடுவித்துவிட்டதாகச் சொல்லுங்கள், நான் மறுக்க மாட்டேன்.

சித்திக்கு என் நமஸ்காரத்தையும், கொடிக்குப் பழைய இடத்தையும் தரவும். பெரியவர்கள் இருவரும் அங்கிருந்தபடியே கை தூக்கி ஆசீர்வதித்தால் இங்கே நான் தலை குனிந்து வாங்கிக்கொள்வேன்.

உங்கள் கீழ்ப்படிந்த,
ஸ்மிதா

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது மாலதி ஃபோன் செய்தாள். "அக்கா, எல்லாத்தையும் ரத்து பண்ணச் சொல்லுதியளாமே? அந்த ஐயாகிட்ட சொல்லுங்க, என்னுது இன்னும் கொஞ்ச நாள் பெண்டிங்லயே கெடக்கட்டும். நேத்து எங்கப்பா மொத மொதல்ல எம்முகத்தைப் பாத்து, உனக்குத்தான் யாரைப் பிடிக்கும்னு கேட்டாரு. நான் இன்னும் பதிலே சொல்லல" என்றாள். நான் உடனே கலைச்செல்வி மேடத்தைக் கூப்பிட்டு, ரத்து செய்யச் சொல்லி எழுத என்னால் முடியாது என்றேன். இந்தப் படிப்பில் சேர்ந்த பிறகு முடியாது என்ற சொல்லை நான் பேசியது அதுதான் முதல் தடவை. அதற்கு அவர், "சரிக்கா. அப்போ நடந்ததை நடந்தபடியே அத்தியாயமா எழுதுங்க. பேரையெல்லாம் மாத்திருங்க. கமிட்டிக்கு நான் பதில் சொல்லுதேன். ஆனா சொன்ன வெள்ளிக்கிழமைக்கு வந்தாகணும்" என்றார்.

எனவே மேலே எழுதிய அனைத்தையும் இதனால் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சீல் வெளியிலேயே இருக்கட்டும். இத்துடன் என் மனு, மூன்று பிரதிகளில், ரேஷன் கார்டு நகலுடன். மேற்படி வாரம் முழுவதும் எனக்குச் சமையலிலிருந்தும் உபசாரத்திலிருந்தும் ஓய்வு வேண்டும். அன்றாடப் பணிகளை, போளி உட்பட, உங்கள் மாப்பிள்ளை கூடுதல் பொறுப்பாகக் கவனிப்பார். அவருக்கு ஒரு நகலும் மாமியாருக்கு ஒரு நகலும் ஸ்பீட் போஸ்டில் வரட்டும். அப்பீல் போட்டால் சித்தி பார்த்துக்கொள்வாள். நாத்தனாருக்குத் தபாலில் அனுப்ப நேரமிருக்காது. ஆனால் அவர்கள் வரும் வண்டி திங்கட்கிழமை காலை கல்யாண் வழியாகத்தான் வருகிறது. பிளாட்பாரத்திலேயே நேரில் கொடுத்துவிடுங்கள். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்க மறக்க வேண்டாம்.